சல்பர் குறைவு என்றால் விலக்கு எதற்கு?

2025 ஜூலை 11 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அரசிதழ் அறிவிக்கை வெளியிட்டது. நாட்டில் இயங்கும் ஏறத்தாழ 600 நிலக்கரி மின் அலகுகளில் 78 விழுக்காடு அலகுகளுக்குச் சல்பர் டை ஆக்சைடு வரையறை இனி இல்லை. இன்னொரு 11 விழுக்காட்டுக்கு என்ன செய்வது என்பதை நிபுணர் குழு ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லும். மிச்சமிருக்கும் 11 விழுக்காடு மட்டும் 2027 டிசம்பர் இறுதிக்குள் வரையறைக்கு உட்பட வேண்டும்.

இதை வரவேற்றவர்கள் பலர். மின்துறை அதிகாரிகளும் பொருளாதார விமர்சகர்களும் அறிவியலாளர்களில் ஒரு பகுதியினரும் இதைத் தெளிவான, துணிவான முடிவு என்கிறார்கள். அவர்களுடைய வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். இந்திய நிலக்கரியில் சல்பர் மிகக் குறைவு, பெரும்பாலும் 0.5 விழுக்காட்டுக்குள். நகரங்களின் காற்றில் இந்த வாயுவின் அளவு ஏற்கெனவே தேசிய வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது. புகையிலிருந்து சல்பரைப் பிரிக்கும் எஃப்ஜிடி கருவியை எல்லா இடத்திலும் பொருத்த இரண்டரை லட்சம் கோடி ரூபாய் ஆகும். யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு வரை மின்கட்டணம் ஏறும். அந்தக் கருவி தண்ணீரையும் மின்சாரத்தையும் விழுங்கும், சுண்ணாம்புக் கல்லைக் கேட்கும், கரியமில வாயுவைக் கூட்டும். ஆகவே பணத்தைச் சாம்பல் தூசியைத் தடுப்பதில் போடுவதே அறிவு. இவ்வளவுதான் வாதம். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பேர் நம்புகிறார்கள்.

இதில் ஒரு கூறுகூட நிற்காது என்பது என் கருத்து.

1. சட்டம் எப்போது கருவியைக் கேட்டது?

2015 டிசம்பர் 7 அன்று வந்த விதியைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும். எஃப்ஜிடி பொருத்து என்று அது கட்டளையிடவில்லை. புகைபோக்கியிலிருந்து வெளியேறும் ஒரு கனமீட்டர் புகையில் எத்தனை மில்லிகிராம் சல்பர் டை ஆக்சைடு இருக்கலாம் என்று மட்டும் சொன்னது. 2017-க்கு முன் நிறுவப்பட்ட, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகு என்றால் 600. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 200. 2017 முதல் வந்த புதிய அலகு என்றால் 100. எந்த வழியில் அந்த எண்ணுக்குள் வருவது என்பது நிலையத்தின் பொறுப்பு. நல்ல நிலக்கரி வாங்கலாம், கழுவலாம், கொதிகலனுக்குள் சுண்ணாம்புப் பொடி தூவலாம், எஃப்ஜிடியும் பொருத்தலாம்.

நம் நிலக்கரியில் சல்பர் அவ்வளவு குறைவு என்றால் அந்த எண்ணுக்குள் புகை தானாகவே வந்திருக்கும். கருவி தேவைப்பட்டிருக்காது, கெடு நீட்டிப்பும் தேவைப்பட்டிருக்காது. விலக்கு கேட்க வேண்டிய நிலை வந்ததே, வரையறைக்குள் வரவில்லை என்பதால்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ நிலக்கரியில் 0.4 விழுக்காடு சல்பர் என்றால் 4 கிராம். சல்பர் எரிந்து டை ஆக்சைடு ஆகும்போது எடை இரட்டிக்கும், 8 கிராம். நம் தரம் குறைந்த நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் வெளிவரும் புகை சுமார் 5 முதல் 6 கனமீட்டர். அப்படியானால் ஒரு கனமீட்டரில் 1,300 முதல் 1,600 மில்லிகிராம். சல்பர் 0.3 விழுக்காடுதான் என்று இன்னும் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1,000 மில்லிகிராமுக்குக் கீழே போகாது. மிகப் பழைய, மிகச் சிறிய அலகுக்குக் கொடுத்த மிகத் தாராளமான வரம்பே 600. “குறைந்த சல்பர்” என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள். இந்த வகுத்தலை யாரும் செய்வதில்லை.

விழுக்காட்டை மட்டும் பேசுவதில் இன்னொரு மறைப்பும் இருக்கிறது. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், வெப்ப மதிப்பு குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் எரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க நிலக்கரியோடு விழுக்காட்டை ஒப்பிடுகிறவர்கள், அங்கே அதே மின்சாரத்துக்கு எவ்வளவு குறைவாக எரிக்கிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. நம் மின் நிலையங்கள் ஆண்டுக்கு 80 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரியை எரிக்கின்றன. அதில் 0.4 விழுக்காடு 32 லட்சம் டன் சல்பர். சாம்பலில் தங்கும் சிறு பங்கைக் கழித்தாலும் ஏறக்குறைய 60 லட்சம் டன் சல்பர் டை ஆக்சைடு வானத்துக்குப் போகிறது. 2017-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துச் சொன்னது இதைத்தான்: 2007-க்குப் பின் சீனாவின் வெளியேற்றம் 75 விழுக்காடு சரிந்தது, இந்தியாவுடையது 50 விழுக்காடு ஏறியது, உலகில் முதலிடத்துக்கு நாம் வந்துகொண்டிருக்கிறோம். நுரையீரலுக்குள் போவது டன். விழுக்காடு காகிதத்தில் இருப்பது.

2. தவறான இடத்தில் அளந்துவிட்டு, இல்லை என்று சொல்லலாமா?

நகரக் காற்றில் சல்பர் டை ஆக்சைடு 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற தேசிய வரம்புக்குள் இருக்கிறது. இது உண்மை. நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாயு அந்த வடிவத்திலேயே இருப்பதில்லை என்பதும் உண்மை. புகைபோக்கியை விட்டுக் கிளம்பிய சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் அது காற்றில் உள்ள ஈரத்தோடும் அமோனியாவோடும் சேர்ந்து அமோனியம் சல்பேட் துகளாகிறது. யூரியா உரமும் கால்நடையும் நிறைந்த கங்கைச் சமவெளியில் அமோனியாவுக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் துகளும் சேர்ந்துதான் பிஎம் 2.5 என்ற நுண்துகள் கணக்கில் நம் அளவீட்டுக் கருவிகளில் தெரிகிறது. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும்.

ஆகவே நிலையத்தருகே வாயுவை அளந்து “வித்தியாசம் இல்லை” என்று முடிவு கட்டும் ஆய்வு, தப்பிப் போனதைத் தேடாத ஆய்வு. எஃப்ஜிடி உள்ள நிலையத்தின் அருகேயும் இல்லாத நிலையத்தின் அருகேயும் சல்பர் டை ஆக்சைடு ஒரே அளவுதான் என்று அரசுத் தரப்பு அடிக்கடி மேற்கோள் காட்டுகிறது. உயரமான புகைபோக்கியின் வேலையே அருகில் விழாமல் பார்த்துக்கொள்வதுதானே? அருகில் இல்லை என்பதிலிருந்து எங்குமே இல்லை என்று எப்படித் தாவுவது?

இந்த நாட்டில் பிஎம் 2.5 வரம்பை எத்தனை நகரங்கள் மீறுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியதே அதனால்தான். ஒரு கையால் நகரங்களுக்குத் தூய காற்றுக்கான நிதி கொடுத்துக்கொண்டு, மறு கையால் அந்த நகரங்களின் துகளுக்கு மூலப்பொருள் அனுப்பும் புகைபோக்கிகளுக்கு விலக்குக் கொடுப்பது ஒரே அமைச்சகம்.

3. சாம்பலைப் பிடித்தால் போதுமாம்.

இஎஸ்பி என்ற நிலைமின் சாம்பல் பிடிப்பான் குறைந்த செலவில் 99 விழுக்காடு தூசியைத் தடுக்கும், அதில் கவனம் வையுங்கள் என்கிறார்கள். வைக்கட்டும். எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் வீட்டு மாடியில் சாம்பலைக் கூட்டி அள்ளுகிற மக்களுக்கு அந்த அக்கறை எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் 2015 விதி சாம்பல் தூசிக்கும் தனி வரம்பு வைத்தது, சல்பருக்கும் தனி வரம்பு வைத்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. இஎஸ்பியால் திடத் துகளைத்தான் பிடிக்க முடியும். சல்பர் டை ஆக்சைடு அதைக் கடக்கும்போது வாயு. வெளியே போன பிறகுதான் துகளாகிறது. அதைப் பிடிக்காத கருவியை அதற்கு மாற்றாக முன்வைப்பது வேதியியலைப் புறக்கணிப்பது.

4. செலவு யாருக்கு, எப்போது?

இரண்டரை லட்சம் கோடி என்ற எண் பயமுறுத்துவதற்கென்றே சொல்லப்படுகிறது. அதைப் பல ஆண்டுக்கும், ஆண்டுக்கு லட்சம் கோடிக் கணக்கான யூனிட்டுக்கும் பிரித்துத்தான் 25, 30 காசு வருகிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு அத்தனையும் நிலக்கரி மின்சாரமாகவே இருந்தால்கூட 60 ரூபாய். இழுப்பு நோய்க்கு வாங்கும் ஒரு இன்ஹேலருக்கும் ஒரு முறை மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்துக்கும் இது எட்டாது. செலவு இல்லாமல் போகவில்லை. மின்கட்டணச் சீட்டிலிருந்து மருந்துச் சீட்டுக்கு மாறியிருக்கிறது. மின்கட்டணத்தை மின்சாரம் பயன்படுத்தும் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். மருந்துச் செலவைப் புகை போகும் திசையில் இருப்பவர்கள் மட்டும் சுமக்கிறார்கள்; அவர்களில் பலர் வீட்டில் மாதம் 200 யூனிட் ஓடுவதே இல்லை.

நிறுவனங்கள் நொடித்துவிடும் என்ற வாதமும் பொய்த்துப்போன ஒன்று. 2018 மே மாதமே மத்திய மின்துறை அமைச்சகம், இந்தச் செலவைச் “சட்ட மாற்றம்” என்று கருதிக் கட்டணத்தில் திரும்பப் பெற அனுமதிக்கும்படி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. போட்ட பணம் திரும்பி வரும் என்ற உறுதி ஏழு ஆண்டுகளாக அவர்கள் கையில் இருந்தது.

இங்கே தொழில்நுட்பம் கைவராத புதுமை என்றும் யாரும் சொல்ல முடியாது. மும்பை டிராம்பேயில் 1980-களிலேயே ஒரு பெரிய அலகில் கடல்நீர் எஃப்ஜிடி வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் தஹானுவில் சப்போட்டாத் தோப்புக்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் நீதிமன்றம் வரை போராடியதன் பலனாக 500 மெகாவாட் நிலையத்தில் 2007-இல் எஃப்ஜிடி இயங்கத் தொடங்கியது. மேற்கு ஜெர்மனி 1983-இல் சட்டம் போட்டு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தன் பெரிய நிலையங்களில் பொருத்தி முடித்தது. அமெரிக்காவில் 1990 தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின்போது தொழில்துறை சொன்ன செலவைவிட உண்மைச் செலவு பல மடங்கு குறைவாக வந்தது. பத்தாண்டுக்கு முன் சொன்ன காரணத்தையே நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்போடு எனக்கு உடன்பாடு உண்டு. இன்னும் சில ஆண்டில் மூடப்போகும் கிழட்டு அலகில் கோடிக்கணக்கில் கொட்டிக் கருவி பொருத்துவது வீண். ஆனால் அதற்கு வழி 2021 விதியிலேயே இருந்தது: மூடும் தேதியை எழுதிக்கொடுத்த அலகுக்குத் தளர்வு. தேதி எழுதிக்கொடுப்பது ஒரு கடமையை ஏற்பது. இப்போதைய விலக்கு எந்தத் தேதியும் கேட்கவில்லை. புகை விடவும் உரிமை, இன்னும் முப்பது ஆண்டு ஓடவும் உரிமை.

5. காலநிலையின் பெயரால் புகையைக் காப்பாற்றுவதா?

எனக்கு மிகுந்த கோபம் தரும் வாதம் இது. எஃப்ஜிடியால் 2025 முதல் 2030 வரை 6.9 கோடி டன் கரியமில வாயு கூடும், 1.7 கோடி டன் சல்பர் டை ஆக்சைடு குறையும் என்று ஒரு மதிப்பீட்டை முன்வைக்கிறார்கள். அந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். இந்தியாவின் நிலக்கரி மின்சாரம் ஆண்டுக்கு 100 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு விடுகிறது. ஆறு ஆண்டுக்கு 600 கோடி. அதில் 6.9 கோடி என்பது ஏறத்தாழ 1 விழுக்காடு. நிலக்கரி மின்சாரத்தை ஒரு விழுக்காடு குறைத்தால் சரியாகிவிடும் இந்தக் கூடுதலைக் காட்டி, 1.7 கோடி டன் நஞ்சை மக்கள் சுவாசத்தில் விடலாம் என்கிறார்கள். காலநிலைமேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் மிச்சம் 99 விழுக்காட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? புதிய நிலக்கரி அலகுகளுக்கு அனுமதி கொடுக்கும்போது இந்தத் தராசு எங்கே போகிறது?

சல்பேட் துகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி பூமியைச் சற்றுக் குளிர்விக்கிறது என்பதும் அறிவியல்தான். ஆனால் சல்பேட் காற்றில் ஓரிரு வாரம்தான் நிற்கும். கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும். சல்பேட்டை நம்பிக் குளிர்ச்சி வாங்குவது என்றால் என்றென்றைக்கும் ஒவ்வொரு வாரமும் புதிதாகப் புகை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் துகள் மண்டலம் நிலப்பரப்பை மங்கலாக்கிப் பருவமழையைப் பலவீனப்படுத்துகிறது என்று வானிலை அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பருவமழையை நம்பி உழும் நாடு இது. 2020-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் எரிபொருளின் சல்பர் வரம்பை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5-க்குக் குறைத்தது. அதனால் குளிர்விப்பு குறையும் என்பது தெரிந்தேதான் செய்தார்கள். துறைமுக நகரங்களில் மக்கள் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக.

6. பத்துக் கிலோமீட்டர் கோட்டை எந்தக் காற்று மதிக்கும்?

யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்பதை முடிவு செய்வது தூரம். தேசியத் தலைநகர்ப் பகுதி அல்லது பத்து லட்சம் மக்கள் வாழும் நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் முதல் வகை. கடுமையாக மாசடைந்த பகுதிகளுக்கோ காற்றுத் தர வரம்பை எட்டாத நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் என்றால் இரண்டாம் வகை. தூத்துக்குடி போன்ற நகரை ஒட்டிய நிலையங்கள் இந்த வரையறையில்தான் வரும்; நிபுணர் குழுவின் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் மூன்றாம் வகை, விலக்கு. மூன்றாம் வகைக்கு உள்ள ஒரே நிபந்தனை, 2029 இறுதிக்குள் புகைபோக்கி குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாசு 10 கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும் என்று நம்பினால்தான் தூரக் கோட்டுக்குப் பொருள் உண்டு. மாசு தொலைதூரம் போய்க் கரையும் என்று நம்பினால்தான் உயரப் புகைபோக்கிக்குப் பொருள் உண்டு. ஒரே அறிவிக்கை இரண்டையும் நம்புகிறது. ஒன்று சரியென்றால் மற்றது தவறு.

உயரப் புகைபோக்கி என்பது உலகம் சோதித்துக் கைவிட்ட வழி. கனடாவின் சட்பரியில் 1972-இல் 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி எழுந்தது. ஊருக்குள் காற்று சற்றுத் தெளிந்தது. அமிலம் தொலைவில் உள்ள ஏரிகளுக்குப் போனது. பிரிட்டனின் உயரப் புகைபோக்கிகளிலிருந்து கிளம்பிய சல்பர் ஸ்காண்டிநேவிய ஏரிகளின் மீன்களைக் கொன்றது. 1979-இல் நாடுகடந்த காற்று மாசுக்கென்று ஜெனீவாவில் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது அதன் பிறகுதான். அமெரிக்கா 1977-இலேயே, வரையறையை நிறைவேற்றுவதற்கு மாற்றாகப் புகைபோக்கியை உயர்த்திக்கொள்வதைச் சட்டத்தால் தடுத்தது. இந்தியாவில் 2015-க்கு முன் சல்பர் டை ஆக்சைடுக்கு வெளியேற்ற வரம்பே இல்லை, புகைபோக்கி உயர விதி மட்டும்தான் இருந்தது. 78 விழுக்காடு அலகுகளை ஜூலை அறிவிக்கை அந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

மூன்றாம் வகைப் பகுதியில் மக்கள் இல்லையா? இருக்கிறார்கள். நகரமாக இல்லாததும், காற்றை அளக்கும் நிலையம் அங்கே இல்லாததும்தான் அவர்கள் குற்றம். அளவீடே இல்லாத ஊர் “வரம்பை எட்டாத நகரம்” பட்டியலில் எப்படி வரும்?

7. காத்திருந்தவனுக்குப் பரிசு.

கெடுவின் வரலாற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதல் கெடு 2017 டிசம்பர். பிறகு 2022 வரை நீட்டிப்பு. 2021-இல் மூன்று வகையாகப் பிரித்து 2022, 2023, 2024. 2022-இல் அதுவே 2024, 2025, 2026 ஆனது. 2024 டிசம்பர் 30 அன்று, முதல் வகையின் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2027, 2028, 2029 ஆனது. அடுத்த ஏழே மாதத்தில் பெரும்பான்மைக்கு விதியே இல்லை. இடையில் 2020-இல் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பும் 2003-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட அலகுகளுக்கு 300-லிருந்து 450 ஆகத் தளர்த்தப்பட்டது.

இந்தப் பத்து ஆண்டில் எஃப்ஜிடி பொருத்தி முடித்தவை 40 அலகு அளவில்தான். சட்டத்தை மதித்துச் செலவு செய்தவர்கள் அவர்கள். அந்தச் செலவை அவர்களிடம் மின்சாரம் வாங்குபவர்கள் இன்று கட்டணத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் மனுப் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு விடுதலை. நாளைக்கு இன்னொரு வரையறை வந்தால் எந்த நிறுவனத்தின் நிதி அதிகாரி முதலில் பணம் ஒதுக்குவார்? கழிவுநீர், சாம்பல் குளம், பாதரசம் என்று இனி வரும் ஒவ்வொரு விதிக்கும் இந்த அறிவிக்கை முன்னுதாரணம் ஆகும்.

1996-இல் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு கொள்கைகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது: ஆபத்து முழுமையாக நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். ஜூலை அறிவிக்கையில் இரண்டுமே தலைகீழாகின்றன. ஆபத்து நிரூபணம் போதவில்லை என்று விலக்கு. செலவைச் சுவாசிப்பவர் ஏற்க வேண்டும். 2024-இல் கானமயில் வழக்கில் அதே நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமையை அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் கண்டது. அந்தக் காலநிலையைச் சாக்காக வைத்தே தூய காற்றுக்கான விதியைக் கழற்றுவதை அந்தப் பிரிவுகள் எப்படித் தாங்கும் என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கெல்லாம் மறுமொழி சொல்ல அமைச்சகத்துக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. புகைபோக்கிக்குள்ளேயே தொடர்ந்து அளக்கும் கருவிகளைப் பொருத்தி அதன் தரவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று ஏற்கெனவே உத்தரவு உண்டு. விலக்குப் பெற்ற ஒவ்வோர் அலகும் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு கனமீட்டர் புகையில் எத்தனை மில்லிகிராம் சல்பர் டை ஆக்சைடு விட்டது என்ற அந்தத் தரவை, அலகின் பெயரோடு, மாதவாரியாக வெளியிடட்டும். 600-க்குள் இருக்கிறது என்றால் என் முதல் மறுப்பை அன்றே திரும்பப் பெறுகிறேன். 600-ஐத் தாண்டியிருந்தால் அந்த அலகுக்குக் கொடுத்த விலக்கை அமைச்சகம் திரும்பப் பெற வேண்டும்.